நாற்சந்தியில் கழித்த விடுப்பு

மாநகரக் காவல் துறையைக் குறை சொல்கிறவர்கள் அதன் விடுப்பு விதிகளைப் படித்துப் பார்க்காதவர்கள். படித்துப் பார்த்தவர்களோ குறை சொல்லும் தெம்பில் இருப்பதில்லை. அவ்வளவு தாராளமான விதிகள். உடம்புக்கு முடியவில்லை என்றால் சம்பளத்துடன் விடுப்பு. வீட்டில் வேறு யாருக்காவது முடியவில்லை என்றாலும் அப்படியே. நல்லதுக்கு, கெட்டதுக்கு, ஒன்றுமே இல்லாமல் சும்மா காலை நீட்டிப் படுத்துக் கிடப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் உண்டு. எடுக்காமல் மிச்சம் வைத்தால் வருடக் கடைசியில் அதற்கும் பணம் உண்டு. இத்தனை இருந்தும் நான் பார்த்த காவலர்கள் எல்லாரும் நின்றபடியே தூங்குகிறவர்களாக இருந்தார்கள். அது அவர்களுடைய சுபாவம் என்று துறை கருதியது.

இந்தக் கதை சிக்னல் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு போக்குவரத்துக் காவலரைப் பற்றியது. மார்க்கெட் பக்கத்து நாற்சந்தியில் சிக்னல் விளக்குக் கம்பம் பழுதானபோது, அதைச் சரிசெய்யும் வரை நில் என்று அவரை நிறுத்தினார்கள். கம்பத்தைச் சரிசெய்ய ஆகும் செலவைவிட அவர் சம்பளம் குறைவு என்று யாரோ கணக்குப் போட்டுவிட்டதால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். காலையில் மகள் தூங்கும்போது போவார், அவள் தூங்கிய பிறகு வருவார்.

துறையின் ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று உத்தரவு. சிக்னல் மேடைக்குக் கீழே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைச் சமாளிக்கும் இடத்தில் அவருக்கு வேலை. உடுத்தவே இல்லை என்று சத்தியம் செய்து நீட்டப்படும் சட்டையின் காலரைத் தூக்கிப் பார்த்து, எந்த விருந்துக்குப் போய்வந்த சட்டை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்பவர். ஆளை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஆணையர் பேச எழுந்தார். காவலர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்று மாநகர மன்றத்தில் யாரோ பேசிவிட்டார்களாம். அவருக்கு அதில் வருத்தம்.

"போன வருஷம் நம்ம துறையில ஒருத்தர்கூட ஒரு நாள் விடுப்பையும் மிச்சம் வைக்கல. அத்தனையும் எடுத்துட்டாங்க. அதே போன வருஷம், ஒருத்தர்கூட ஒரு நாளும் வேலைக்கு வராம இருந்ததில்ல. இந்த ரெண்டையும் சேர்த்துச் சாதிச்ச துறை வேற எங்கயாவது இருந்தா சொல்லுங்க" என்றார்.

பலத்த கைதட்டல். அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்ட காவலர்களும் தட்டினார்கள்.

பிறகு, குடும்பத்தோடு அதிக நேரம் செலவழித்த காவலருக்கு ஒரு கேடயம் என்று அறிவித்துச் சிக்னலை மேடைக்குக் கூப்பிட்டார். தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று சிக்னல் திரும்பிப் பார்த்தார். ஆணையர் ஒலிபெருக்கியில் வாசித்தார்: மைத்துனர் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியது, மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தது, வீடு மாற்றியபோது மனைவிக்குத் தோள் கொடுத்தது. எல்லாமே சம்பளத்துடன்.

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி கைதட்டவில்லை. தம்பி கல்யாணத்துக்கு அவர் தனியாகத்தான் போனார். காய்ச்சலில் முனகிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தவர் அவர்தான். வீடு மாற்றிய அன்று அலமாரிக்கு ஒரு பக்கம் வேன் டிரைவரும் மறுபக்கம் அவரும் பிடித்து மாடி ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் புருஷன் சொன்னது ஒரே பதில், லீவு தரமாட்டேங்கறாங்க.

வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூங்கவைத்த பிறகு மனைவி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி கல்யாணத்துக்கு லீவு எடுத்தீங்களா?"

"எடுக்கல."

"மேடையில எடுத்தீங்கன்னாங்களே."

"எனக்கே மேடையிலதாம்மா தெரியும்."

"ஒரு திருடன் இப்படிச் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

சிக்னல் யோசித்துப் பார்த்தார். நம்ப மாட்டார். அவருக்கே தன்மேல் லேசாகச் சந்தேகம் வந்தது.

அழுகை இல்லை, சத்தம் இல்லை. உங்கள் ஆபீஸில் இருந்து யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து, இவர் அந்த நாளெல்லாம் வேலையில்தான் இருந்தார் என்று சொல்லட்டும் என்றார் மனைவி. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நானும் பாப்பாவும் தம்பி வீட்டுக்குப் போகிறோம், திரும்பி வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். சொன்னால் செய்கிறவர் என்பது சிக்னலுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் அவருக்கு இருந்த பயமெல்லாம் எங்கே தன்னைக் குற்றவாளிகள் வெட்டிவிடுவார்களோ என்பதுதான். இப்படி ஒரு பயம் காத்திருக்கிறது என்று அவர் நினைத்ததில்லை.

மறுநாள் விடுப்புப் பிரிவுக்குப் போனார். பழைய விசாரணை அறையைத்தான் விடுப்புப் பிரிவுக்குக் கொடுத்திருந்தார்கள். சாமான்களை மாற்றவில்லை. கேட்க வருகிறவரின் நாற்காலி தரையோடு திருகி இறுக்கப்பட்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு விளக்கு நேராக முகத்தில் அடித்தது. அந்த அறையில் உட்காரும் எவருக்கும், நாம் என்ன செய்தோம் என்று ஒரு நடுக்கம் வரும். பிரிவின் கண்காணிப்பாளர் அந்த நடுக்கத்தைப் பார்த்ததும், இவன் ஏதோ செய்திருக்கிறான் என்று முடிவுகட்டுவார்.

சிக்னல் விஷயத்தைச் சொன்னார். நான் லீவு எடுக்கவில்லை, வேலையில்தான் இருந்தேன், அதை ஐயா என் மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

கண்காணிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். லீவு வேண்டும் என்று பொய் சொல்ல வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வேலை செய்தேன் என்று சொல்ல ஒருவன் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

"யோவ், வேலை செஞ்சேன்னு நிரூபிக்க அலையறவன் எதையோ மறைக்கறவன். என்னத்தை மறைக்கற?"

ஒன்றும் இல்லை என்றார் சிக்னல். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார் கண்காணிப்பாளர். ஆனாலும் அவருக்குத் தன் பிரிவைப் பற்றிப் பெருமை உண்டு. அதனால் விளக்கினார். விடுப்பை மிச்சம் வைத்தால் துறை பணம் தர வேண்டும். விடுப்பு கொடுத்தால் வேலைக்கு ஆள் இருக்காது. இரண்டும் ஆகாத காரியம். ஆகவே எல்லாருக்கும் விடுப்பைக் கொடுத்துவிடுவது, கொடுத்ததை அவரவரிடம் சொல்லாமல் இருந்துவிடுவது என்று ஏற்பாடு. முன்பு கேட்டு மறுக்கப்பட்ட காரணங்களையே பதிவேட்டில் போட்டுக்கொள்வார்கள். கேட்டதைக் கொடுத்த திருப்தி துறைக்கு.

"விடுப்பைக் குடுக்கறதுதான் எங்க வேலை. அதை எங்க கழிக்கணும்னு விதியில இல்ல. சில பேர் மலைக்குப் போறான், சில பேர் கடற்கரைக்குப் போறான். நீ நாற்சந்தியில கழிச்ச."

"யூனிஃபார்ம் போட்டுக்கிட்டா சார்?"

"அது உன்னோட ரசனை."

சொல்லிவிட்டுச் சிரித்த கண்காணிப்பாளரின் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுபோனது. விடுப்பில் இருக்கும் ஒருவன். உடுப்பு. நடுரோடு. போகிற வருகிற வண்டிகளை மறித்து அபராதம் போட்டிருக்கிறான். அவர் மேசை மணியை அழுத்தி வெளியே நின்றவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். போலீஸ்காரன் வேடம் போட்டு ஊரை ஏமாற்றிய ஆள் ஒருவன் தானாக வந்து மாட்டியிருக்கிறான் என்றார்.

சிக்னலின் நிலையத்து ஆய்வாளரிடமே விசாரணையைக் கொடுத்தார்கள். அவர் சிக்னலை நாற்சந்திக்கு அழைத்துப்போனார். மூலையில் செருப்புத் தைப்பவர் ஒருவர் உண்டு. தினமும் சிக்னலுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவர். இவரைத் தெரியுமா என்று ஒரு போலீஸ்காரர் இன்னொரு போலீஸ்காரரைக் காட்டிக் கேட்டால் எந்த மனிதனும் நழுவத்தான் பார்ப்பான். நான் இந்த ஊருக்கே புதுசுங்க என்றார் அவர், அதே இடத்தில் பிறந்து வளர்ந்தவர். அடுத்து, காய்கறி வண்டி ஓட்டுகிற ஒருவர். அபராதம் கட்டியவர். இந்த முகத்தைச் சாகிற வரை மறக்க மாட்டேன் சார், கல்யாண முகூர்த்த நாளன்று காலையில் இங்கேதான் என்னை நிறுத்தினார் என்று சந்தோஷமாகச் சொன்னார். சிக்னலின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மைத்துனர் கல்யாணத்தன்று வேலையில் இருந்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஆய்வாளருக்கும் அதே சந்தோஷம். வேடம் போட்டதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

"அன்னைக்கு உன்னை இங்க நிக்கச் சொன்னது யாரு? அந்தப் பேரைச் சொல்லு. உன் பின்னால ஒரு கூட்டமே இருக்கு."

"நீங்கதான் சார்."

ஆய்வாளர் நேராக விடுப்புப் பிரிவுக்குப் போய் அதே நாளில் தன் கதை என்னவென்று பார்த்தார். அவரும் அன்று விடுப்பில் இருந்தார். அவருக்கு மேலே இருந்தவரும், வண்டி ஓட்டிகளும், அவசர அழைப்பு எடுக்கிறவர்களும், சிறைக் காவலும் விடுப்புதான். அன்று முழுக்க இந்த ஊரைக் காத்தவர்கள் எல்லாரும் போலீஸ் உடுப்பை மாட்டிக்கொண்ட பொதுஜனங்கள்.

வராந்தாவில் சிக்னல் பக்கத்தில் வந்து நின்றார் ஆய்வாளர். "எங்கம்மா ஆபரேஷனுக்கு நான் கூடவே இருந்ததா போட்டிருக்காங்கப்பா" என்றார் தாழ்ந்த குரலில். "வார்டுல ராத்திரி முழுக்க நானே பாத்துக்கிட்டதா." அவருக்குக் கண் கலங்கியது. பிறகு, விசாரணை முடிகிற வரை சிக்னல் உடுப்பைப் போடக் கூடாது, நாற்சந்திப் பக்கம் தலைகாட்டக் கூடாது, வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சம்பளம் முழுதாக உண்டு. விதி அவ்வளவு தாராளம்.

இப்படித்தான் சிக்னல் தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக விடுப்பில் வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை கணவன் மனைவி இருவரும் விடுப்புப் பிரிவில் ஆஜராக வேண்டும். அதற்கு மறுநாள் மனைவி கெடு வைத்த ஞாயிறு.

மனைவி கடைக்குச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். அவருக்கு இது விசாரணைக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம். ஒரு துணியை ஒரு தடவை உடுத்திவிட்டாலும் முழங்கை மடிப்பில் ஒரு சுருக்கம் விழும், எந்த இஸ்திரிப் பெட்டியாலும் அதை எடுக்க முடியாது. மனுஷனும் அப்படித்தான் என்பது அவர் எண்ணம். வேறு ஒரு வீட்டில் ரகசியமாக இருந்து பழகிய ஆளுக்கு அந்த வீட்டின் பழக்கம் உடம்பில் இருக்கும். தம்ளரைத் தேடும் கை அந்த வீட்டு அலமாரி இருக்கும் திசைக்குப் போகும். விளக்கைப் போடப் போகிற விரல், அங்கே சுவிட்ச் இருக்கும் உயரத்துக்குப் போகும். அவர் காய் நறுக்குகிற சாக்கில் உட்கார்ந்துகொண்டு புருஷனைக் கவனித்தார்.

சிக்னல் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் போடட்டுமா என்று மனைவியைக் கேட்டார். போடுங்கள் என்றதும் எழுந்துபோய் ஒவ்வொரு சுவிட்சாக அழுத்தி, ஃபேன் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டார். தண்ணீர் குடிக்கத் தம்ளர் தேடித் துணி அலமாரியைத் திறந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் எழுந்து நின்றார். அடுப்படி வாசலில் தாயும் மகளும் எதிரெதிரே வந்தபோது அவர் கை தானாக உயர்ந்து ஒருத்தியை நிறுத்தி மற்றவளைப் போகவிட்டது. பாத்ரூமுக்குப் போய்விட்டு வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வெளியே வந்தார். மனைவி கத்தியைக் கீழே வைத்தார். துண்டை எங்கே போடுகிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். சிக்னல் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். கதவின்மேல் போடப் போய், யார் வீட்டுக் கதவோ என்பதுபோல் கையை இழுத்துக்கொண்டார். பிறகு துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். வெகுநேரம் நின்றார். அதிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. மகள் அம்மாவின் காதில் கேட்டாள், "இவர் எப்பம்மா போவாரு?"

மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போன வாய் கோணிக்கொண்டு அழுகை முட்டியது. எழுந்துபோய்த் துண்டை வாங்கிக் கொடியில் போட்டார்.

சனிக்கிழமை விடுப்புப் பிரிவில் கண்காணிப்பாளர் அந்த அம்மாளைத் தரையோடு திருகாத நாற்காலியில் உட்காரச் சொன்னார். மரியாதையாகவே பேசினார்.

"அம்மா, நீங்க சந்தேகப்பட்டது சரிதான். தீர விசாரிச்சுட்டோம். உங்க வீட்டுக்காரருக்கு வெளிய ஒரு பொம்பளையோட தொடர்பு இருக்கு. லீவு நாளெல்லாம் அங்கதான் போயிருக்கார்."

"யாரு அது?"

"அது இன்னும் முடிவாகல."

சிக்னல் நாற்காலியில் இருந்து எழப் பார்த்தார். கண்காணிப்பாளர் கையமர்த்தினார். வேறு வழியே இல்லை, நீங்களே யோசியுங்கள் என்று அந்த அம்மாளிடம் மனம்விட்டே பேசினார். உங்கள் புருஷன் வேலையில் இருந்தார் என்றால் போலீஸ் வேடம் போட்டவர் ஆகிறார். அவர் மட்டுமா, அன்று இந்த ஊரில் உடுப்பு மாட்டிய அத்தனை பேரும் ஆகிறார்கள். அவர்கள் பிடித்த திருடர்களை எல்லாம் மன்னிப்புக் கேட்டு வெளியே விட வேண்டிவரும். பொம்பளை என்றால் அது மனுஷ பலவீனம், உலகத்தில் நடக்காததில்லை. துறையின் விடுப்புக் கணக்குக்கு ஒரு கீறல் விழாது. நீங்கள் ஆமாம் என்று சொன்னால் போதும். தண்டனைகூடக் கடுமையானது இல்லை என்றார்.

என்ன தண்டனை என்று கேட்டார் மனைவி.

குடும்பச் சீரமைப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. தப்பு செய்த காவலரை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பி, மனைவியின் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். சம்பளம் முழுசாக வரும். ஊரே பற்றி எரிந்தாலும் அவரை வேலைக்குக் கூப்பிடக் கூடாது.

"மத்த லீவு மாதிரி நாற்சந்தியில கழிக்கச் சொல்லிட மாட்டீங்களே?"

"அது மட்டும் முடியாதும்மா. இந்த விதியைப் போட்டது ஆணையர். சொந்த அனுபவத்துல போட்டது."

அந்த அம்மாள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். தரையோடு இறுக்கிய நாற்காலியில், முகத்தில் விளக்கு அடிக்க, அவர் உட்கார்ந்த வாக்கிலேயே கண் செருகிக்கொண்டிருந்தார். மனைவி பார்ப்பது தெரிந்ததும் திடுக்கிட்டு விழித்து, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஆரம்பித்தார்.

"தெரியும். சும்மா இருங்க" என்றார் மனைவி. "உங்களை எந்த வீட்லயும் ஒருத்தியும் வெச்சிருந்ததில்ல. துண்டைப் போட இடம் தெரியாத மனுஷன் நீங்க."

அவர் சொன்னதில் கோபம் துளிகூட இல்லை. இத்தனை வருஷம் இந்த ஆள் எங்கேயுமே வாழவில்லை என்பது தெரிந்துவிட்ட துக்கம்தான் இருந்தது. பிறகு கண்காணிப்பாளர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதிக்குங்க சார். தொடர்பு இருக்கு. நான் என் கண்ணாலயே பாத்தேன்."

கண்காணிப்பாளர் நிம்மதியாக மூச்சுவிட்டு எழுத ஆரம்பித்தார். அந்த அம்மாள் சற்று யோசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"ரெண்டு பொம்பளைன்னு எழுதினா ரெண்டு மாசம் வருமா சார்?"

விதியில் அதற்குத் தடை இல்லை. எழுதிவிட்டார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் வெளியே வந்தபோது வராந்தாவில் ஆய்வாளர் நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சிக்னல் சொன்னார். ஆய்வாளர் போனை எடுத்துக்கொண்டு தனியே போய்த் தன் மனைவியை அழைத்தார்.

திங்கட்கிழமை காலை விடுப்புப் பிரிவின் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் பெண்கள் கூட்டம். எல்லாரும் காவலர்களின் மனைவிமார். வரிசை படி இறங்கி, வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போயிருந்தது. என் புருஷனுக்கு வெளியே தொடர்பு இருக்கிறது, உடனே விசாரியுங்கள் என்று ஒவ்வொருவரும் புகார் கொண்டுவந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் ஜன்னல் வழியாக அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாருமே சிரித்த முகமாக இருந்ததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.